அண்ணி பூகோளம் படித்த கதை

என் அண்ணிக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாது. நான் புறம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் முகத்துக்கு நேராகவே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். துணிக்கடைக்குள் ஒரு வாசல் வழியாகப் போய் இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்தால், "என்ன தம்பி, தெருவையே மாத்திட்டாங்களா?" என்பார். ஒருமுறை பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பி, கண் டாக்டரின் வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, கண்ணில் சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டு வந்தார். அப்படிப்பட்டவருக்கு நகராட்சியில் என்ன வேலை தெரியுமா? ஊருக்கே வழி காட்டுகிற வேலை.

சாலையில் வெள்ளைக் கோடு போடும் பிரிவில் அண்ணி பத்தொன்பது வருஷமாக இருக்கிறார். கோடு என்றதும் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் ஞாபகத்துக்கு வந்தால் அது தப்பு. வெள்ளைத் தூளைக் கொப்பரையில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க உருக்கி, தள்ளுவண்டியில் ஊற்றி, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஆறுவதற்குள் மேலே பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். வண்டி விளக்கு பட்டதும் மினுங்குவது அதுதான். எழுத்துகளுக்கும் அம்புக்குறிகளுக்கும் தகரத்தில் வெட்டிய அச்சு உண்டு. 'மெதுவாக' என்று எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் அண்ணியைப்போல இரண்டு மடங்கு நீளம் இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் எழுத்துகளை யாரோ பிடித்து இழுத்துப்போட்ட மாதிரி கிடக்கும். டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கும்போதுதான் அது ஒழுங்கான எழுத்தாகும்.

"எல்லாத்துலயும் 'து' போடறதுதான் கஷ்டம் தம்பி" என்பார் அண்ணி. "வால் ஒரு சாண் நீண்டாலும் சைக்கிள்காரன் பாதைக்குள்ள போயிடும்."

அண்ணன் பஸ் ஓட்டுகிறார். அண்ணி எழுதுவார், அண்ணன் அதன் மேல் ஓட்டிக்கொண்டு போவார். இவர்கள் குடும்பம் நடத்துகிற லட்சணமே இதுதான் என்று நான் சொல்வதுண்டு. அதே வீட்டில் மாடியறையில் குடியிருந்துகொண்டு, இரண்டு வேளையும் அண்ணி கையால் சாப்பிட்டுக்கொண்டு இப்படிப் பேச எனக்கு வாய் அதிகம்தான்.

போன வருஷம் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். அடுத்து அண்ணிதான் என்று கொப்பரை கிண்டுகிறவரிலிருந்து தூள் மூட்டை இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். சாலைப் பிரிவின் பொறியாளர் ஒரு பெண். அவர் அண்ணியைக் கூப்பிட்டு, "பதவி உங்களுக்குத்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் கொண்டுவந்து காட்டுங்க" என்றார்.

அண்ணி வீட்டுக்கு வந்து காய் நறுக்க உட்கார்ந்தார். நறுக்கினார், நறுக்கினார், நறுக்கிக்கொண்டே இருந்தார். நாலு பேர் வீட்டுக்குப் பதினைந்து பேர் சாப்பிடும் அளவுக்குக் காய் குவிந்ததும் அண்ணனுக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னம்மா, யாராவது வர்றாங்களா?"

"ஒரு பாடத்துல நான் ஃபெயில்" என்றார் அண்ணி, கத்தியைப் பார்த்து.

"எதுல?"

"பூகோளத்துல."

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாச்சு. ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே."

வேலையில் சேரும்போது எட்டாம் வகுப்பே போதுமாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியவர், பூகோளத்தில் மட்டும் பதினொரு மார்க். வரைபடக் கேள்வியில் நிலத்துக்கு நீலமும் கடலுக்குப் பழுப்பும் தீட்டி வைத்திருந்தாராம். அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சுவரைப் பார்த்தோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம். பதினாலு வயது மகள்தான் தைரியசாலி. "நீ நீந்திப் போற ஊர்னு நெனச்சுட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஆக, நாற்பத்து மூன்று வயதில் அண்ணி மறுபடியும் பள்ளிக்கூடம் போனார். பெரியவர்களுக்கென்று சனிக்கிழமை மதியம் ஒரு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்தாறு வயதிருக்கும். சட்டை கொடியில் காய்கிற மாதிரி உடம்பில் தொங்கும். அண்ணி அவரை "சார்" என்பார், அவர் அண்ணியை "அம்மா" என்பார்.

முதல் நாள் அவர் பலகையில் பெரிதாக 'ஜியோகிராஃபி' என்று எழுதினார். நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தார்.

"இது கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது. ஜியோன்னா பூமி. கிராஃபின்னா எழுதறது. கீறறது, வரையறதுன்னும் சொல்லலாம். அலெக்சாந்திரியாங்கற ஊர்ல பெரிய நூலகம் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால அதுக்குத் தலைவரா எரடோஸ்தெனிஸ்னு ஒருத்தர் இருந்தார். நமக்குத் தெரிஞ்சு இந்தச் சொல்லை முதல்ல பயன்படுத்தினது அவர்தான்."

கடைசி பெஞ்சில் பாதித் தூக்கத்தில் இருந்த அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், திரும்பச் சொல்லுங்க. பூமியில எழுதறதா?"

"பூமியைப் பத்தி எழுதறதும்மா. பூமியை வரைஞ்சு காட்டறது."

"அதுதான் சார், பூமியும் எழுத்தும். நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அன்று மாலை வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலணியைக் கழற்றுவதற்கு முன்னால் ஆரம்பித்தார். பதினொரு மார்க் வாங்கிய பாடம் தன் சொந்தத் தொழிலின் பெயர் என்று தெரிந்தால் யாருக்குத்தான் தலை கால் புரியும்? "உலகத்துல எத்தனை பேர் இந்தப் பாடத்தைப் படிக்கறாங்க? அதுல எத்தனை பேர் நெசமாவே பூமியில எழுதறாங்க?" என்று கேட்டார். அண்ணன் யோசித்து, "நீயும், உன் ஆளுங்க நாலு பேரும்" என்றார். "அதுலயும் ஒருத்தர் மூட்டை இறக்கறவர்" என்றேன் நான். அண்ணி எங்கள் இருவரையும் மன்னித்து விட்டுவிட்டார்.

அந்த நூலகத் தலைவர்மீது அவருக்கு ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது. பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை. "லைப்ரரிக்காரர்" என்றே சொல்வார். அவர் எந்தத் துறையிலும் முதலாவதாக வராமல் இரண்டாவதாகவே வந்ததால், அவர்கள் மொழியின் இரண்டாம் எழுத்தான 'பீட்டா' என்பதையே பட்டப்பெயராக வைத்துக் கேலி செய்தார்கள் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. ஆசிரியர் இதைச் சொன்னதிலிருந்து அண்ணிக்குப் படிப்பில் பெரிய நிம்மதி. "ரெண்டாவது வந்தவருக்கே இவ்வளவு பேர்னா, முப்பத்தஞ்சு மார்க் வாங்கறது ஒண்ணும் கேவலமில்ல" என்றார்.

அந்த வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. தாயின் தொழில் என்ற இடத்தில் அண்ணி கொட்டை எழுத்தில் 'ஜியோகிராஃபர்' என்று நிரப்பிக் கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் கழித்து மகள் உர்ரென்று வந்தாள்.

"சித்தப்பா, எங்க டீச்சர் அம்மாவை ஸ்கூலுக்கு வந்து பேசச் சொல்றாங்க. எரிமலையைப் பத்தி!"

எரிமலையைப் பற்றிப் பேசத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அண்ணி. கொப்பரை கொதிக்கிறதை நாலடி தள்ளி நின்று பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறவராம். மகள் அழுகிற நிலைக்கு வந்த பிறகுதான் படிவத்தைத் திருப்பி வாங்கி, 'சாலைக்கோடு' என்று மாற்றி எழுதினார்.

இதில் சங்கடம் என்னவென்றால், அண்ணி அந்த ஒரு சொல்லைவிட்டு நகரவே இல்லை. பருவக்காற்று வந்தது, போனது. மண் வகைகள் வந்தன, போயின. அண்ணி சொல்லிலேயே நின்றார். என் ஜெராக்ஸ் கடையில் குறிப்புகளை நகலெடுத்துக் கொடுத்தால், முதல் பக்கம் மட்டும் கசங்கும். மீதி சலவைத்துணி மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆசிரியரிடம் சண்டை வேறு.

"சார், ஒரு நியாயம் கேக்கறேன். புவியியல்னு எதுக்குப் பேர் வெச்சாங்க? இயல்னா ஒண்ணைப் பத்தின படிப்பு. உயிரியல், இயற்பியல் மாதிரி. லைப்ரரிக்காரர் வெச்ச பேர்ல படிப்பு எங்க இருக்கு? எழுத்துதானே இருக்கு?"

ஆசிரியர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். "நேருக்கு நேர் மாத்தினா புவி வரைவுன்னு வரணும், வாஸ்தவம்தான். பாறையையும் மண்ணையும் படிக்கறதுக்கு நிலவியல்னு வேற பேர் இருக்கு. இதுக்குப் புவியியல்னே வழக்கத்துல நின்னுடுச்சும்மா."

"எங்க வீட்டுல பூகோளம்னுதானே சொல்றோம்?"

"அது அதுக்கு முந்தின பேர். பூன்னா பூமி, கோளம்னா உருண்டை."

"ஒருத்தர் உருண்டைன்னாரு, ஒருத்தர் படிப்புன்னாரு. எழுதறவங்களை ரெண்டு பேருமே விட்டுட்டாங்க, பாத்தீங்களா?"

"அம்மா" என்று ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். "இது ரெண்டு மார்க் கேள்வி. மீதி தொண்ணூத்தெட்டு மார்க் அங்க காத்துக்கிட்டிருக்கு."

அட்சரேகை பாடத்திலும் இதே கதைதான். அது பூமியில் உண்மையில் இல்லை, கற்பனைக் கோடு என்று அவர் சொன்னதும் அண்ணிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "போடாத கோட்டுக்கு இத்தனை பேரா? நாங்க வெயில்ல உருக்கி ஊத்தறதுக்கு ஒரு பேரு இல்ல!"

இப்படித் தலை முழுக்கச் சொல்லை வைத்துக்கொண்டு திரிந்தால் கை சும்மா இருக்குமா? அது தன் பங்குக்கு ஒரு காரியம் பண்ணியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல், பஸ் நிலையத்துக்குப் பிரிகிற முனையில், திங்கட்கிழமை போக்குவரத்துக்குத் திறக்கவிருந்த புதுத் தார் மேல் அம்பு போட வேண்டியிருந்தது. அம்பு வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்கம் இருப்பது ஒரு முட்டுச்சந்து; சந்தின் வாயில் என் ஜெராக்ஸ் கடை, கடைசியில் சோபா பழுதுபார்க்கும் பட்டறை. தகர அச்சை வைக்கும்போது அண்ணி தன் ஆட்களுக்கு லைப்ரரிக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் நாலு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அச்சு குப்புற விழுந்து கிடந்ததை ஐந்து பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கொதிக்கிற வெள்ளையை ஊற்றி, கண்ணாடி மணியைத் தூவி, அழகு பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் கடை திறக்கப் போனபோது சந்துக்குள் பதினேழு வண்டி நின்றது. முன்னால் போனவர்களுக்குத் திரும்ப இடமில்லை, பின்னால் வந்தவர்களுக்குத் திரும்ப மனசில்லை. சோபா பட்டறைக்காரர் ஒரு மூன்று பேர் சோபாவை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் ரிப்பேருக்கா வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். சந்தின் வாயை அடைத்துக்கொண்டு, பக்கக் கண்ணாடி என் கடைப் பலகையில் உரச, ஒரு பஸ் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் நின்றது. ஓட்டுநர் சீட்டில் என் அண்ணன்.

பயணிகள் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் பஸ்ஸைத் தூக்கிவிடலாம் என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் அண்ணி சுரண்டுகிற மெஷினோடு வந்து சேர்ந்தார். அம்பைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். முகம் அந்தக் கோட்டைவிட வெளுத்துப்போயிற்று. நேராக அண்ணன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஏங்க, பன்னெண்டு வருஷமா இதே வழியில ஓட்டறீங்க. பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"நீ எழுதியிருந்தே."

சொன்னவர் கோபத்தில் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. மழை பெய்தது, குடை பிடித்தேன் என்பதுபோலச் சொன்னார். அண்ணி திரும்பி அம்புக்குப் பக்கத்தில் போனார். பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து, மெஷினைத் தானே கையில் எடுத்து, அந்த அம்பு தடம் தெரியாமல் போகும் வரை சுரண்டினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பொறியாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். அண்ணி ஒரே வரியில் பதில் எழுதினார்: 'அச்சைத் திருப்பிப் போட்டது நான்தான்.' ஐந்து பேர் சேர்ந்து செய்த தப்பில் நாலு பேரைக் கழித்துவிட்டார். பொறியாளர் படித்துவிட்டு, "பரீட்சை முடிவு வரட்டும், பாக்கலாம்" என்றாராம்.

அந்த வாரத்திலிருந்து படிப்பின் போக்கே மாறிவிட்டது. அண்ணனின் ஓய்வு நாட்களில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் ஒரு குடைக்கம்பை நட்டுவைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் குறித்தார்கள். லைப்ரரிக்காரர் நிழலை வைத்துத்தான் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அண்ணிக்கு அவ்வளவு பேராசை இல்லை; வடக்கு தெரிந்தால் போதும். அண்ணன் தன் பஸ் தடங்களைச் சொல்லச் சொல்ல, அண்ணி பழைய காலண்டர் தாள்களின் பின்புறம் வரைவார். முதல் வரைபடத்தில் எங்கள் வீடு ஆற்றுக்குள் இருந்தது. நாலாவது வரைபடத்தில் கரையேறியது. ஒரு மாதத்தில் துணிக்கடையின் எந்த வாசலில் விட்டாலும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எனக்குக் கேலி செய்ய விஷயம் குறைந்துகொண்டே வந்தது.

பரீட்சை அன்று முதல் கேள்வியே, புவியியல் என்ற சொல்லின் பொருளைக் கூறுக, இரண்டு மதிப்பெண் என்றிருந்தது. அண்ணி மூன்று பக்கம் எழுதினார். கிரேக்கச் சொல்லைப் பிரித்து, லைப்ரரிக்காரரின் முழுப் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி, உருண்டைக்கும் படிப்புக்கும் நடுவில் எழுத்து காணாமல்போன அநியாயத்தை விளக்கி, கடைசியில் 'பூமியில் எழுதுகிறவர்கள் தவறாக எழுதினால் படிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்' என்றும் சேர்த்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் ஓடிப்போயிருந்தது. மீதியை மூச்சுவிடாமல் எழுதி, வரைபடத்தில் கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. நீலத்துக்குப் பாதிக் கடலை எட்டத்தான் நேரம் இருந்தது.

நாற்பத்தொரு மார்க். தேறிவிட்டார். மகள் குதித்தாள், அண்ணன் பஸ்ஸை நிறுத்த வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினார். அண்ணி மட்டும் யோசனையாகவே இருந்தார். மறுநாள் விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்து, வாங்கியும் விட்டார். அந்த மூன்று பக்கத்துக்கும் இரண்டு மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'நன்று. ஆனால் இரண்டுக்கு மேல் போட எனக்கு அனுமதி இல்லை.'

"பாவம், நல்ல மனுஷன்" என்றார் அண்ணி. அந்தப் பக்கத்தை மட்டும் என் கடையில் ஆறு நகல் எடுத்தார். ஒன்று ஆசிரியருக்குப் போயிற்று. அவர் வகுப்பில் முதல் நாள் அதைக் காட்டி, இப்படி எழுதாதீர்கள் என்று சொல்லித்தருகிறாராம்.

கண்காணிப்பாளர் பதவி இரண்டு மாதம் தள்ளி வந்தது. அண்ணி செய்த முதல் வேலை, கிடங்கிலிருந்த அத்தனை தகர அச்சுகளின் பின்பக்கத்திலும் சிவப்பில் 'திருப்பு' என்று எழுதியது. இரண்டாவது வேலை, கோடு போடும் இடத்தில் கதை சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆட்களுக்கு அதில் வருத்தம்தான். அதனால் தேநீர் இடைவேளையில் கொப்பரையை அணைத்துவிட்டுச் சொல்கிறார்.

அத்தோடு நிற்பார் என்று நாங்கள் நினைத்தோம். போன வாரம் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, எந்தப் பதவியும் காத்திருக்கவில்லை. எடுத்திருக்கும் பாடம் வரலாறு. காலையில் முதல் வகுப்பு முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தார்.

"வரல், ஆறு. ரெண்டு சொல்லு. ஆறுன்னா தண்ணி ஓடற ஆறு இல்லீங்க, வழின்னு அர்த்தமாம். வந்த வழி! இப்ப நீங்க சொல்லுங்க, வந்த வழி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.